மகாபோதியில் கேமராவை எங்கே திருப்புவது?

(புத்தகயா பயணம் புறப்படும் இளைஞர்களுக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயில், தங்குமிடம், குளிருக்கான உடை எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசிய தோழர் சொல்லிவிட்டார். மீதி இருப்பது கேமரா. அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு வீடு என்று படம் எடுத்துப் பிழைப்பவன் நான். மகாபோதி விகாரைக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். போனபோதெல்லாம் கழுத்தில் கேமரா தொங்கியது. அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல.

முதலில் உங்களில் பாதிப் பேருக்கு ஏமாற்றம் தரும் செய்தி. கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. 2013 ஜூலை 7 அன்று அங்கே குண்டுகள் வெடித்தன. இரண்டு பிக்குகள் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு கடுமையாகிவிட்டது. வாசலில் பெட்டக அறை இருக்கும், கைபேசியை அங்கே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேமராவுக்குத் தனிக் கட்டணச் சீட்டு வாங்கினால் எடுத்துப் போகலாம். என்னைக் கேட்டால் இது நமக்கு நல்லதுதான். முப்பது பேர் போகிறீர்கள், நான்கைந்து கேமராதான் உள்ளே வரும். மீதிப் பேர் கண்ணால் பார்ப்பீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் காலை வெயில் முன்கோபுரத்தில் நேராக விழும். போதி மரம் கோயிலுக்குப் பின்னால், மேற்கில் இருக்கிறது. மரத்தையும் வஜ்ராசனக் கல்லையும் எடுக்க நினைப்பவர்கள் பிற்பகலில் போங்கள். டிசம்பர், ஜனவரியில் காலையில் பனிமூட்டம் இருக்கும், எட்டு மணி வரை கோபுர உச்சி தெரியாமல்கூடப் போகலாம். அதற்காக அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில்தான் திபெத்தியர்கள் பலகை விரித்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து வணங்குவார்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் வெள்ளை உடையில் வரிசையாக உட்கார்ந்து ஓதுவார்கள். பிளாஷ் போடாதீர்கள். தியானத்தில் இருப்பவர் முகத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது மேடையில் ஏறி நின்று எல்லாரையும் மறைக்கிறோமே, அந்தப் பழக்கத்தை கயா ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

தொழில் பாடம் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது, எதை எடுப்பது என்பது பற்றி.

புத்தகயா போய் வந்த யாருடைய படத்தை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். நீல வானம், நடுவில் நெட்டையாகக் கோபுரம், அதன் அடியில் சிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பம். ஏறத்தாழ ஐம்பத்தைந்து மீட்டர் உயரக் கோபுரம் சட்டத்துக்குள் முழுதாக வர வேண்டும் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன், நீங்களும் எடுப்பீர்கள், எடுங்கள். ஆனால் அந்தப் படம் 'இது ஆதி காலத்திலிருந்து இப்படியே அமைதியாக நிற்கிறது' என்றுதான் சொல்லும். அது உண்மை அல்ல.

1870களில் எடுத்த பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். முன்பக்கச் சுவர் இடிந்து, வாசலுக்கு மேலே முக்கோணமாகப் பெரிய பொத்தல் திறந்து கிடக்கும். சுதை உதிர்ந்து செங்கல் பல்லிளிக்கும். செடி முளைத்திருக்கும். மாடங்களில் சிலை இருக்காது. இன்று நீங்கள் பார்க்கும் நான்கு மூலைக் கோபுரங்கள் அந்தப் படங்களில் கிடையாது. 1880களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் கன்னிங்காம் மேற்பார்வையில் ஜோசப் பெக்லர் நடத்திய பெரும் பழுதுபார்ப்பில், இடிபாட்டில் கிடைத்த சிறிய கல் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கோபுரங்களைக் கட்டினார்கள். கருவறையில் பொன் பூச்சோடு இருக்கும் பால அரசர் காலத்துக் கருங்கல் புத்தரும் அந்தப் பழுதுபார்ப்பில்தான் மடத்து வளாகத்திலிருந்து எடுத்துவரப்பட்டு அங்கே அமர்த்தப்பட்டார். போதி மரமும் பழைய மரம் அல்ல. பழையது 1876இல் சாய்ந்தது, அதன் வழித்தோன்றலைத்தான் நட்டு வளர்த்தார்கள். உச்சியில் மின்னும் தங்கம் 2013இல் தாய்லாந்து பக்தர்கள் கொடுத்தது.

அசோகர் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. இப்போதுள்ள செங்கல் கோயிலின் அடிப்படை வடிவம் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பழுதுபார்த்திருக்கிறார்கள். இத்தனை கை பட்ட இடம் அது. பிறகு எப்படிப் பாழானது, யார் கைக்குப் போனது என்ற கேள்வியைத்தான் அழகான படங்கள் மறைக்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சைவ கிரி சந்நியாசி ஒருவர் அங்கே தங்குகிறார். அந்த மடம் வளர்கிறது. மடாதிபதிக்கு மகந்த் என்று பெயர். கோயில் அவர்கள் பிடிக்குள் போகிறது, சுற்றியுள்ள நிலமும் போகிறது. 1891 ஜனவரியில் இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலர் வந்து பார்க்கிறார். அந்த மே மாதமே கொழும்பில் மகாபோதி சங்கத்தைத் தொடங்குகிறார். 1895 பிப்ரவரியில் ஜப்பானியர்கள் கொடுத்த புத்தர் சிலையை மேல்தளத்தில் வைக்கிறார். மகந்தின் ஆட்கள் வந்து அதை அகற்றிவிடுகிறார்கள். வழக்கு நடக்கிறது. கீழ் நீதிமன்றம் மகந்தின் ஆட்களைத் தண்டிக்கிறது, கல்கத்தா உயர் நீதிமன்றம் விடுவித்துவிடுகிறது. புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் புத்தர் சிலையை வைத்தது சர்ச்சை, எடுத்து வெளியே வைத்தது சர்ச்சையே இல்லை!

இப்போது கேமராவை எடுத்துக்கொண்டு கருவறைக்குள் வாருங்கள். எல்லாரும் நிமிர்ந்து பொன் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் தரையையும் பாருங்கள். சிலைக்கு எதிரே தரையில் ஒரு சிவலிங்கம் இருக்கிறது. கூட்ட நெருக்கடியில் பலர் கவனிப்பதே இல்லை. பிறகு வெளியே, பெருங்கோயிலுக்கு எதிர்ப்புறம் இருக்கும் சிறு சன்னிதிக்குப் போங்கள். பஞ்ச பாண்டவர் கோயில் என்பார்கள். உள்ளே இருப்பவை புத்தர் சிலைகள். துணி கட்டி, பொட்டு வைத்து, இவர் தருமர், இவர் பீமன் என்று சொல்லித் தட்டு நீட்டுவார்கள்.

நான் இரண்டாம் முறை போயிருந்தபோது அங்கே ஒரு வழிகாட்டி வடநாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு இந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நாக்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா நின்றிருந்தார். நீலக்கரைப் போட்ட வெள்ளைச் சேலை. அவர் சண்டை போடவில்லை. அந்தக் குடும்பத்தில் இருந்த பெண் குழந்தையிடம் குனிந்து, 'காதைப் பாரு, எவ்வளவு நீளம்! முடியைப் பாரு, சுருள் சுருளா இருக்கு. பெரிய கோயில்ல இருக்கிறவருக்கும் இப்படித்தானே இருந்தது?' என்று இந்தியில் கேட்டார். குழந்தை ஆமாம் என்று தலையாட்டியது. வழிகாட்டி அவசரமாக அவர்களை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். சிலையைப் படம் எடுப்பது பற்றி நான் கேட்ட நல்ல பாடம் அதுதான். துணியால் எதை மூடினாலும் காது மடல், சிகை, கண்ணிமை, உட்கார்ந்த பீடம் இவற்றில் ஏதோ ஒன்று வெளியே தெரியும். அதை எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே போய் ஒன்று. அலங்காரம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒன்று எடுக்கவும் தவறாதீர்கள். அலங்காரமும் சாட்சியம்தான்.

புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்று 1956 அக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களை அண்ணல் உறுதிமொழி எடுக்க வைத்தாரே, அந்த 22 உறுதிமொழிகளில் அது ஏன் அவ்வளவு முன்னால், ஐந்தாவதாக வருகிறது என்று எனக்கு முன்பு தோன்றியதுண்டு. அந்தச் சன்னிதி வாசலில் நின்றபோது விடை கிடைத்தது. எதிர்த்து அழிக்க முடியாததை அணைத்து அழிப்பது வைதீகத்தின் பழைய வேலை. ஒன்பதாவது அவதாரம் என்று பட்டம் கட்டிவிட்டால் கோயிலும் அவர்களுடையது, உண்டியலும் அவர்களுடையது.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால் 1949ஆம் ஆண்டு புத்தகயா கோயில் சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நிர்வாகக் குழுவில் நான்கு பௌத்தர், நான்கு இந்துக்கள். இந்துக்களில் ஒருவர் மகந்த். தலைவர் மாவட்ட ஆட்சியர். அந்த ஆட்சியர் இந்துவாக இல்லாவிட்டால் அவருக்குப் பதில் ஓர் இந்துவைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2013இல்தான் அந்த நிபந்தனை நீங்கியது. நான்குக்கு நான்கு என்பது அப்படியே நீடிக்கிறது. உலகத்துப் பௌத்தர்களுக்கெல்லாம் தலையாய புனித இடத்தில் பாதி நிர்வாகம் பௌத்தர் அல்லாதவரிடம்.

நம் ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறையின் 1959 சட்டப்படி ஆணையர் முதல் கீழே உள்ள அலுவலர்கள் வரை இந்துவாகத்தான் இருக்க வேண்டும். அது சரி என்று வாதிடுகிறவர்கள் புத்தகயாவுக்கும் அதே நியாயத்தைப் பேச வேண்டாமா? பேசமாட்டார்கள். அங்கே மட்டும் அவர்களுக்கு மத நல்லிணக்கம் நினைவுக்கு வந்துவிடும்.

ஜப்பானில் பிறந்து நாக்பூரில் வாழும் பிக்கு சுரை சசாய் 1992இல் இதற்காகப் பெரும் போராட்டம் தொடங்கினார். 2025 பிப்ரவரி 12 அன்று பிக்குகள் மறுபடி உண்ணாநிலையில் உட்கார்ந்தார்கள். அந்த மாத இறுதியில் போலீசார் அவர்களைக் கோயில் பகுதியிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். போராட்டம் சற்றுத் தள்ளியுள்ள தோமுகானுக்கு நகர்ந்தது. கோரிக்கை ஒன்றுதான்: 1949 சட்டத்தை நீக்கு, கோயிலைப் பௌத்தரிடம் கொடு. கூட்டம் கூட்டமாக மகாராஷ்டிரத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நீலக்கொடியோடு மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். சுற்றுலாப் படங்களில் அவர்களைப் பார்க்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கோயிலில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டாவது தோமுகான் பக்கம் போய் வாருங்கள். போராடுகிறவர்களைப் படம் எடுக்கும்போது முகத்தைக் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள். அரசு வேலையில் இருப்பவர்களும் அங்கே வந்து உட்கார்வார்கள்.

இன்னொன்று உண்டு. இதைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் வேண்டும், கேட்டால் கொடுப்பார்களா தெரியவில்லை.

கோயில் வாசலுக்கு வெளியே குழந்தைகள் கையேந்தி வருவார்கள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்தக் குழந்தைகளைத்தான் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். காவி உடை பிக்கு, பக்கத்தில் அழுக்குச் சட்டைக் குழந்தை, பின்னால் கோபுரம். போட்டிக்கு அனுப்பினால் பரிசுகூடக் கிடைக்கலாம். அப்படி ஒரு படம் வேண்டாம் என்பது என் கண்டிப்பான வேண்டுகோள். கயா மாவட்டத்தில் புய்யான், முசகர் என்று அழைக்கப்படும் தலித் மக்கள் நிறையப் பேர். பெரும்பாலும் மாஞ்சி என்ற பெயரோடு இருப்பார்கள். கூலி வேலை, செங்கல் சூளை, வெளியூர் பிழைப்பு. அவர்களுடைய வறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை அதே மடத்தில் போய் நிற்கும்.

அந்த மடம் பல ஆயிரம் ஏக்கர் வைத்திருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது சாமி பேரிலும் வேண்டியவர்கள் பேரிலும் எழுதிப் பதுக்கினார்கள். உழுதவர்கள் புய்யான் மக்கள், நெல் போனது மடத்துக்கு. 1978இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் வழிவந்த சத்ர யுவ சங்கர்ஷ் வாகினி இளைஞர்கள் அந்தக் கிராமங்களுக்குப் போய்த் தங்கினார்கள். உழுபவருக்கே நிலம் என்று அறுவடையைத் தடுத்தார்கள், தரிசில் ஏர் பூட்டினார்கள். அடியாட்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, 1979இல் உழைப்பாளிகளின் உயிர்களும் போயின. பெண்கள் முன்னால் நின்றார்கள். 1980களின் தொடக்கத்தில் நிலம் பிரித்துக் கொடுக்கும் நிலை வந்தபோது அந்தப் பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: அடி வாங்கியது நாங்களும்தானே, பட்டா ஏன் ஆண்கள் பேரில்? அதிகாரிகள் முணுமுணுத்தார்கள், சொந்த வீட்டு ஆண்களும் முணுமுணுத்தார்கள். கடைசியில் பல கிராமங்களில் பெண்கள் பேரில் நிலம் பதிவானது. இந்தியாவில் நிலமில்லாத தலித் பெண்கள் போராடித் தங்கள் பேரில் பட்டா வாங்கிய முன்னோடி நிகழ்வுகளில் அது ஒன்று. கோயிலிலிருந்து கொஞ்சத் தூரத்துக்குள் நடந்த கதை இது. எந்தச் சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது?

அந்த ஊர்களில் எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள் இருக்கிறார்கள். உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் அவர்களுடைய வயலில் நிற்க வைத்து எடுங்கள். கையேந்தும் குழந்தையின் படத்துக்கும் வயல் வரப்பில் நிற்கும் அந்தக் குழந்தையின் பாட்டி படத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. பிரதி எடுத்துத் தபாலில் அனுப்ப முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பாமல் இருக்காதீர்கள். நம் ஆட்கள் இதில் மோசம்.

பெண்கள் என்றதும் நினைவு வருகிறது. கோயிலைச் சுற்றியுள்ள கல் வேலியின் பழைய தூண்கள் கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் பல இப்போது பக்கத்தில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, கோயிலில் நிற்பவற்றில் பல மாற்றுத் தூண்கள். பழைய தூண்களில் பிராமி எழுத்தில் கொடையாளர் பெயர் வெட்டியிருக்கும். குரங்கி என்ற பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப வரும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் தன் பேரில் கல்லில் கொடை எழுதிக்கொண்ட பெண். எழுத்தை எடுக்கப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வேண்டும், நேர் வெளிச்சத்தில் வெட்டு தெரியாது.

நமக்கும் புத்தகயாவுக்கும் என்ன உறவு என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது, தர்மபாலரும் அந்த முயற்சியில் துணை நின்றவர். கயாவில் கோயிலுக்காக வழக்காடியவரும் சென்னையில் பூர்வ பௌத்தர் என்று தலைநிமிர்ந்தவர்களும் ஒரே காலத்தவர், ஒருவரை ஒருவர் அறிந்தவர். உறவு அவ்வளவு நெருக்கம்.

படம் ஏன் முக்கியம் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. நாகப்பட்டினத்தில் மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று, பழைய பௌத்த விகாரையின் மிச்சம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. 1867இல் அரசின் அனுமதியோடு பாதிரிமார்கள் இடித்துவிட்டார்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்பே லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூரையும் மதுரையையும் புகைப்படம் எடுத்துவிட்டார். நாகைக் கோபுரத்தைப் பொறுத்தவரை நாம் கையில் வைத்துப் பேசுவது ஒரு கோட்டோவியத்தைத்தான். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தர் சிலைதான் என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே, அது எதை வைத்து? தொல்லியல் துறை நேரில் போய்ச் சிலையைச் சுத்தப்படுத்திப் பார்த்து, தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது மடல் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்த அறிக்கையை வைத்து. நாக்பூர் அம்மா அந்தக் குழந்தைக்குக் காட்டிய அதே காது, அதே முடி.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், இடம், எந்தத் திசையில் நின்று எடுத்தீர்கள் என்பதை அன்றிரவே நோட்டில் எழுதிவிடுங்கள். மறுநாள் மறந்துபோகும். நிறத்தை ஏற்றி இறக்கி மினுக்காமல் மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி வையுங்கள். இரண்டு நினைவட்டை, இரண்டு பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்தால் நான் இருக்கமாட்டேன், திங்கள் வாருங்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம்.